ஒக்ஷன் ஷீட் சரியாகத்தான் இருந்தது

2025 மார்ச்சில் வவுனியாவில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் பழைய ஹைபிரிட் ஜீப் ஒன்று எடுத்தோம். ஒரு கோடிக்குச் சற்று மேலே. எங்கள் சேமிப்பு, மனைவியின் நகையை அடகு வைத்த காசு, கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பியது எல்லாம் அதற்குள் போனது. அது வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வாகனம். அது எங்களுக்குத் தெரிய வர நாலு மாதம் பிடித்தது. இன்னொரு குடும்பம் இதே இடத்தில் விழக்கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். மாங்குளத்திலிருந்து வரும் ஏ34 வீதி நல்லாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் கிறவல் றோட்டு மாரியில் குளமாகிவிடும். முத்தையன்கட்டுக் குளத்தின் கதவைத் திறந்தால் சொல்லவே வேண்டாம். அம்மாவை மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணத்துக்கு கிளினிக் கூட்டிப் போக வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேர். சின்னக் கார் அடிதட்டும், வான் வேண்டாம் என்றாள் மனைவி. அதனால் ஐந்து பேர் வசதியாக இருந்து போகிற, நிலத்திலிருந்து உயரமான ஜீப் என்று முடிவெடுத்தோம்.

மூன்று மாதம் இரவிரவாக மொடல் மொடலாகப் பார்த்தேன். ஹொண்டா வெசல் ஹைபிரிட்டின் முதல் வருட வாகனங்களை இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் மென்பொருளுக்காக ஜப்பானில் திருப்பி அழைத்தது, மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்இவியில் (வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யக்கூடிய ஹைபிரிட்) பெரிய பற்றரியின் வலு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் எடுக்கக்கூடாது என்பது, சிவிடி என்ற, படிகள் இல்லாமல் தானாக மாறும் கியர் உள்ள வாகனங்களுக்கு அதற்குரிய எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். கடைசியில் எதை எடுத்தோம் என்று இங்கே எழுதவில்லை. மொடலில் பிழை இல்லை. அதே மொடல் எங்கள் பக்கத்தில் நல்லாக ஓடுகிறது. மொடலைத் தெரிவு செய்ய மூன்று மாதம் செலவழித்த நான், வாங்கிய வாகனத்தைப் பார்க்க முக்கால் மணித்தியாலம்தான் செலவழித்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

நாங்கள் போனது ஒரு பின்னேரம், வெளிச்சம் மங்குகிற நேரம். வாகனத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே வாசனை போத்தல் ஒன்று. விற்பனைக்கு நின்ற தம்பி ஜப்பான் ஒக்ஷன் ஷீட்டை, அதாவது அங்கே ஏலத்தில் வாகனத்தைப் பரிசோதித்துத் தரம் போடும் தாளை, கையில் தந்தார். தரம் 4.5, நல்ல தரம்தான். "அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ. இறக்குமதி திறந்தும் வரியைப் பாருங்கோ, இந்த விலைக்கு இனிக் கிடையாது" என்றார். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி அந்தப் பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்திருந்தது. விலை இறங்கும் என்று காத்திருந்தவர்கள் எல்லாம் வரியைக் கண்டு தலையில் கை வைத்திருந்த நேரம். அவர் சொன்னது சரியாகப் பட்டது.

நான் ஏமாளியாக இருக்கக்கூடாது என்று, சேசி இலக்கத்தைக் கொண்டு அந்த ஷீட்டைச் சரிபார்த்தேன். உண்மையான ஷீட்தான். அங்கேதான் சிக்கினேன். ஒக்ஷன் ஷீட் சொல்வது, ஜப்பானில் ஏலம் போன அன்று வாகனம் எப்படி இருந்தது என்பதை மட்டும். கப்பலேறி இலங்கைக்கு வந்த பிறகு அதற்கு என்ன நடந்தது என்பது அந்தத் தாளில் இராது. எனக்கு அந்த நேரம் இது உறைக்கவில்லை. வாகனப் பதிவுப் புக்கில் உரிமையாளரின் முகவரி கடுவெல என்று இருந்தது. களனி ஆற்றங்கரை ஊர். 2024 ஒக்டோபரில் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் வெள்ளம் வந்ததைச் செய்தியில் பார்த்த ஆள்தான் நான். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவை ஏற்றிய முதல் நாளே அவ சொன்னா: "தம்பி, நனைஞ்ச சாக்கு மணக்குதடா." பூட்டி வைத்திருந்த வாகனம், அப்படித்தான் மணக்கும் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் மூக்கை நம்பியிருக்க வேண்டும்.

மே மாதம் ஜன்னல் ஒன்று இறங்காமல் நின்றது. பிறகு பின் கதவின் லொக். ஒவ்வொன்றாகத் திருத்தினோம், ஒவ்வொன்றுக்கும் காசு. ஜூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது பரந்தன் தாண்டியதும் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து வாகனம் வீதியோரத்தில் நின்றுவிட்டது. அம்மா பின் சீற்றில், வெளியே உச்சி வெயில். அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

புதுக்குடியிருப்பில் வயதான மெக்கானிக் ஐயா ஒருவரிடம் கட்டி இழுத்துக் கொண்டுபோனோம். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. சாரதி பக்க சீற் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே துணி விறைத்துப் போயிருந்தது. பிறகு கால்மிதிப்புக்குக் கீழே இருக்கும் கம்பளத்தை ஓரத்தில் நெம்பித் தூக்கினார். அடிப் பஞ்சு இன்னும் ஈரம். அதில் சாம்பல் நிறத்தில் மாப்போல நைசான சேறு. எங்கள் றோட்டு மண் சிவப்பு, பரலாக இருக்கும். இது எங்கள் மண்ணே இல்லை. "தம்பி, இது வெள்ளத்துக்குள்ள நிண்ட வாகனம்" என்றார். ஹைபிரிட் பற்றரி பின்பக்கம், தாழ்வான இடத்தில். அதன் இணைப்புகளைக் கழற்றிக் காட்டினார். செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு.

டாஷ்போர்ட் பெட்டியைக் கழற்றியபோது பின்னால் ஒட்டிக்கொண்டு பழைய காப்புறுதி அட்டை ஒன்று வந்தது. மை கரைந்து பரவியிருந்தது, ஆனால் இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். 2024 ஒக்டோபர் வெள்ளத்துக்கு முழு இழப்பாக, அதாவது திருத்திப் பயனில்லை என்று, கணக்கு முடித்த வாகனம் என்றார்கள். அப்படி முடித்த வாகனத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, கழுவி, காயவைத்து, ஆறும் வெள்ளமும் யாருக்கும் நினைவில் வராத இடத்துக்குக் கொண்டுவந்து விற்றிருக்கிறார்கள்.

விற்பனை நிலையத்துக்குப் போனேன். அதே தம்பி. "பழைய வாகனம் எண்டுதானே அண்ணை குடுத்தனாங்கள்" என்றார். முதலாளி வேறு மாதிரிப் பேசினார். நாற்பது இலட்சம் குறைத்துத் திருப்பி எடுப்பாராம், மன்னார்ப் பக்கம் அதை வாங்க ஆள் இருக்கிறதாம். அந்த ஆளும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதானே போவார் என்று கேட்டேன். பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து எனக்கு நடந்ததை யாரும் மறக்க வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் போனபோது நாலு மாதம் கடந்துவிட்டது. ஜன்னல், லொக் என்று நான் திருத்திக்கொண்டிருந்த மாதங்கள்தான் அந்த மூன்று மாதம். இப்போது சட்டத்தரணி ஒருவர் மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

ஆகவே எடுக்கப் போகிறவர்கள் காலையில் போங்கள், எஞ்சினைக் குளிராக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை மூடி, பத்து நிமிடம் உள்ளே இருந்து மணந்து பாருங்கள். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உதிரிச் சில்லைத் தூக்கி அதன் குழிக்குள் கையை விடுங்கள். சீற்றின் அடித்தண்டில் துரு இருக்கிறதா பாருங்கள், அந்த இடத்தில் துரு வர வேறு காரணம் குறைவு. கம்பளத்தைத் தூக்க விடமாட்டோம் என்றால் காசைக் கையில் எடுக்கவே வேண்டாம். புக்கில் உள்ள முகவரியையும் காப்புறுதி நிறுவனத்தையும் குறித்துக்கொண்டு, முற்பணம் கட்டும் முன் அங்கே கேளுங்கள். உரிமையாளர் கையெழுத்திட்டு நிரப்பாமல் விட்ட உரிமை மாற்றப் படிவங்களைக் கையில் தந்து "ஓப்பன் பேப்பர்" என்றால், இடையில் யார் யார் கையில் இருந்தது என்று அந்தப் புக் சொல்லாது.

வாகனம் இப்போது எங்கள் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. அம்மா பஸ்ஸில் போய் வருகிறா. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் யாராவது வாகனம் பார்க்கப் போவதென்றால் சொல்லுங்கள், கூட வருகிறேன். மெக்கானிக் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.