வண்டியின் ஆட்டத்தைச் சரிசெய்வதாகச் சொல்லி 23,750 ரூபாய் வாங்கினார்கள். உள்ளே பழைய பேரிங்கே இருந்தது

நீண்ட பயணத்துக்கென மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக, குறிப்பாக வேகம் கூடும்போது வண்டி ஆடுகிறது என்று பட்டறை பட்டறையாக அலைந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டூரிங் வண்டிகளையே தனித்துப் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மதுரைப் பட்டறை ஒன்றில் மூன்று தவணையாக 23,750 ரூபாய் கொடுத்தேன். ஆட்டம் தீரவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கிய இரண்டு பாகங்களை அவர்கள் மாற்றவே இல்லை என்பது, பிறகு கோவில்பட்டியில் வண்டியைப் பிரித்தபோது என் கண்முன்னால் தெரிந்தது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரையும் இடத்தையும் இங்கே எழுதவில்லை.

என்னுடையது ஒற்றை சிலிண்டர் வண்டி. பின்னால் 45 லிட்டர் பெட்டி பொருத்தியிருந்தேன். ஆனி மாதத் தொடக்கத்தில் 41,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் நான்குவழிச் சாலையில், சாத்தூரைக் கடந்து வேகமானி 95-ஐத் தொட்டபோது முதன்முதலாக அது நிகழ்ந்தது. ஹேண்டில்பாரில் படபடப்பு எதுவும் இல்லை. இருக்கைக்குக் கீழே பின்பாகம் இடமும் வலமுமாக மெல்ல நெளியத் தொடங்கி, நொடிக்கு இரண்டு அல்லது மூன்று முறை என்ற கணக்கில் முழு வண்டியும் அசைந்தது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி 80-க்கு இறங்கியதும் நின்றுவிட்டது. (நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 80, அதைக் கடந்தது என் பிழை. ஆனால் 95-ல் நெளிகிற வண்டி, சுமையும் பக்கக்காற்றும் சேர்ந்தால் அதற்குக் குறைந்த வேகத்திலும் நெளியும் என்பதைப் பின்னர் பட்டுத் தெரிந்துகொண்டேன்.)

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அதை யாரும் கவனிக்காததால்தான் என் முதல் பணம் வீணானது. மெக்கானிக்குகள் எல்லா ஆட்டத்தையும் 'வாப்ளிங்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். முன்சக்கரமும் ஹேண்டிலும் மட்டும் நொடிக்கு நான்கு முதல் பத்து முறை வரை விரைவாக உதறுவது ஒரு வகை. அது பெரும்பாலும் 60, 70 வேகத்தில் கைப்பிடியைத் தளர்த்தினால் தெரியும். என் வண்டியின் 19 அங்குல முன்சக்கரம் டயரோடு சேர்த்து இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமான சுற்றளவு கொண்டது. 70 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒன்பது முறை சுழலும். சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இல்லாவிட்டால் அந்தச் சுழற்சியே உதறலைக் கிளப்பிவிடும்; அங்கே ரிம்மில் சிறு எடைத்துண்டு ஒட்டிச் சமப்படுத்தும் வீல் பேலன்சிங் பலன் தரும். முழு வண்டியும் பின்னாலிருந்து மெதுவாக நெளிவது வேறு வகை. வேகம் கூடக் கூட அது வலுக்கும். அதற்கான காரணத்தை ஸ்விங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஃபிரேமோடு சேரும் மூட்டில் உள்ள உறை), பின் டயர், பின் ஷாக் அப்சார்பர், பின்னால் ஏற்றிய சுமை ஆகியவற்றில் முதலில் தேட வேண்டும். எனக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. அதை நான் விளக்கமாகச் சொல்லியும், பட்டறைக்காரர் முன்சக்கரத்தைத்தான் பார்த்தார்.

முதல் முறை இரு சக்கரங்களுக்கும் பேலன்சிங், அலைன்மென்ட் என்று 2,350 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு ரிம்களிலும் ஓர் எடைத்துண்டுகூட ஒட்டப்பட்டிருக்கவில்லை. சக்கரங்கள் இரண்டும் கச்சிதமாக இருந்திருக்கும் போலும் என்று அன்றைக்கு மகிழ்ந்துகொண்டேன். அலைன்மென்ட் என்பது செயின் அட்ஜஸ்டரில் உள்ள கோடுகள் இருபுறமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்ததுதான். அந்தக் கோடுகளே சற்று முன்பின்னாக இருக்கக்கூடும் என்பதால், நூல் பிடித்தோ நீளமான நேர்ச்சட்டம் வைத்தோ இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யவில்லை. சோதனை ஓட்டம் என்ற பெயரில் பையன் ஒருவன் தெருமுனை வரை போய்த் திரும்பினான். 95-ல் வரும் நோயைத் தெருமுனையில் எப்படிக் காண முடியும்?

ஆட்டம் அப்படியே இருக்கிறது என்று திரும்பிப் போனபோது, "ஆடி பிறக்கப் போகுது சார், கயத்தாறு பக்கம் காத்து அப்படித்தான் தள்ளும்" என்றார் உரிமையாளர். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் அந்தப் பகுதியில் பக்கக்காற்று பலமாக அடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, இலை அசையாத நேரத்தில், விருதுநகர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போயிருந்தேன். அதைச் சொன்னதும், ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பால் பேரிங்கை, அதாவது கோன் செட்டை, எடுத்துவிட்டு உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் போட வேண்டும், ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் போயிருக்கும், இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார். இந்த முறை நோயின் இடத்தை வாயால் சரியாகவே சொல்லிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. கூலியோடு 6,900 ரூபாய். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது. வற்புறுத்தாமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு வண்டி புதிய விதத்தில் தொல்லை கொடுத்தது. ஊருக்குள் 20, 25 வேகத்தில் ஹேண்டில் தானாக நேராக வராமல் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. வண்டி குடிகாரர் நடப்பதைப்போல இரு பக்கமும் அலைந்தது. ஸ்டீரிங் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் இப்படித்தான் ஆகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 500 கிலோமீட்டர் ஓடினால் புதிய பேரிங் செட்டாகிவிடும் என்று சொன்னார்கள். இல்லாத பேரிங் எத்தனை கிலோமீட்டரில் செட்டாகும் என்று நான் கேட்டிருக்க முடியாது. நெடுஞ்சாலையில் பழைய நெளிவு அப்படியே இருந்தது.

மூன்றாவது முறைதான் ஸ்டீரிங் டாம்பர். ஹேண்டில் திடீரென்று திரும்புவதை எதிர்த்துப் பிடிக்கும் சிறிய எண்ணெய் உருளை அது. ஒரு முனை ஃபிரேமிலும் மறுமுனை முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் பொருத்தப்படும். கிளாம்ப் உட்பட 14,500 ரூபாய். பந்தய வண்டிகளில் எல்லாம் இருக்கிறதே, இனிமேல் 130-ல் போனாலும் பாறைபோல நிற்கும் என்று உறுதி கூறினார். முன்சக்கர உதறலை டாம்பர் அடக்கும் என்பது சரியே. ஆனால் பின்பாகத்திலிருந்து கிளம்பும் நெளிவை அது தீர்க்காது. சில நிலைமைகளில் அந்த நெளிவை இன்னும் மோசமாக்கவும் செய்யும். இதை அவர் அறியாமல் விற்றாரா, அறிந்தே விற்றாரா என்று என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியாது. மற்ற இரண்டு பாகங்களின் கதை தெரிந்த பிறகு, ஐயத்தின் பலனை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆடி இரண்டாம் வாரம், மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெட்டி நிறையத் துணிமணிகளுடன் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டேன். கயத்தாறை நெருங்கும்போது வேகம் 85. ஒரு லாரியைக் கடந்து அதன் மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று பக்கவாட்டில் அறைந்தது. அடுத்த நொடியே பின்பாகம் நெளியத் தொடங்கி, ஒவ்வோர் அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. பிரேக்கை அழுத்தாமல், கைப்பிடியை இறுக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, உடலை டேங்க்கின் பக்கம் சாய்த்தேன். எங்கோ படித்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது என் அதிர்ஷ்டம். 60-க்கு இறங்கியதும் அடங்கியது. ஓரம் கட்டி நிறுத்தியபோது என் மனைவி எதுவும் பேசவில்லை. கயத்தாறில் இறங்கிப் பேருந்தில் ஏறி மதுரைக்குத் திரும்பிவிட்டார். அவரைத் தடுக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

நான் 50 வேகத்தில் கோவில்பட்டிக்குத் திரும்பி, தேநீர்க் கடையில் விசாரித்து, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என் கதையைக் கேட்பதற்கு முன்பே பெட்டியைக் கழற்றச் சொன்னார். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரைப் பிடித்து இடமும் வலமும் தள்ளினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்விங் ஆர்ம் ஃபிரேமோடு சேரும் இடத்தைக் காட்டி, "இங்கன விரலை வச்சுப் பாருங்க தம்பி" என்றார். வைத்தேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் அந்த இடைவெளி திறந்து மூடுவதை என் விரல்நுனி உணர்ந்தது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடமும் ஆகவில்லை, கருவி எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து டாம்பரைக் கழற்றினார். அது மாட்டியிருந்தால் ஹேண்டிலின் உண்மையான நிலை கைக்குத் தெரியாது என்றார். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்பியபோது, அது நேர்நிலைக்கு வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்ததைப்போல நின்றது. பிரித்துப் பார்த்தால் டேப்பர் ரோலர் எதுவும் இல்லை. கம்பெனி போட்ட அதே பால் பேரிங். குண்டுகள் உருளும் கிண்ணமான கப்பின் உட்புறத்தில், அவை ஒரே இடத்தில் அமர்ந்து அடிவாங்கிய சிறு பள்ளங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின்மீது புதிய கிரீஸ் பூசியிருந்தார்கள். தளர்ச்சி தெரியாமல் இருக்க நட்டை இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்விங் ஆர்ம் போல்ட்டைக் கழற்றுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. சுற்றிலும் உடையாத துரு. மூன்று வாரங்களுக்கு முன்பு கழற்றி மாட்டியதாகப் பணம் வாங்கிய போல்ட் அது. எல்லாவற்றையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. ஒன்றைச் சரிசெய்தால், அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். அப்போதுதான் எது எவ்வளவு குணமாக்கியது என்று தெரியும் என்பது அவர் கணக்கு. புஷ் மாற்றியதும் நெளிவில் பெரும்பகுதி போயிற்று. புதிய கோன் செட் போட்டு, ஹேண்டில் தன் எடையிலேயே இரு பக்கமும் விழும் அளவுக்கு இறுக்கம் வைத்ததும் ஊருக்குள் அலைந்தது நின்றது. இரண்டுக்கும் கூலி உட்பட 4,100 ரூபாய். 17,000 கிலோமீட்டர் ஓடி நடுவில் தட்டையாகியிருந்த பின் டயரை மதுரையில் நானே மாற்றிக்கொண்டேன்.

என் பங்குக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. பெட்டியின் உள்மூடியில் 5 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நான் படித்ததே இல்லை. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தபோது துணிமணிகள் மட்டும் 11 கிலோ. பின் அச்சுக்கு அப்பால், உயரத்தில் தொங்கும் சுமை முன்சக்கரத்தின் பிடியைக் குறைக்கிறது. பக்கக்காற்றுக்குப் பாய்போல விரிந்தும் கொடுக்கிறது. இப்போது கனமானவற்றை இருபுறப் பைகளில் தாழ்வாகவும் முன்தள்ளியும் வைக்கிறேன். பட்டறைக்காரர் மூன்று முறையும் அந்தப் பெட்டியைத் தானே கழற்றி மாட்டினார்; அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கழற்றச் சொல்வதில் அவருக்கு வருமானம் ஏதும் இல்லையே.

மதுரைப் பட்டறை உரிமையாளரிடம் காணொளியைக் காட்டியபோது, பையன் தவறாக எழுதிவிட்டான் என்றார். அவர் கொடுத்திருந்தது 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட தாள். வரிசை எண்ணோ ஜிஎஸ்டி எண்ணோ அதில் இல்லை. பாகங்களின் பெயரை எழுதி அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும், யுபிஐ வழியாகப் பணம் செலுத்திய பதிவும்தான் என்னைக் காப்பாற்றின. முறையான ரசீது தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு எஸ்டிமேட் தாளோடு வந்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள். இனி யாரிடம் வண்டி விட்டாலும், பழைய பாகங்களை எனக்கே தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிடுகிறேன். மறுக்கிற இடத்தில் சாவியைக் கொடுப்பதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போன பத்தாம் நாள் 6,900 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. டாம்பர் நல்ல பொருள் என்பதால் அதற்கும், செய்த வேலை என்பதால் பேலன்சிங்குக்கும் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார். அந்தத் தொகைக்காகத்தான் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கழற்றிய டாம்பரும் பள்ளம் விழுந்த கப்புகளும் விசாரணையில் காட்டுவதற்காக என் அலமாரியில் இருக்கின்றன. டாம்பரை விலைக்குக் கேட்டு இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். வண்டி எதனால் ஆடுகிறது என்று கேட்டேன், இருவருக்கும் தெரியவில்லை. கோவில்பட்டிக்கு வழி சொல்லி அனுப்பினேன்.