குரோம்பேட்டை: ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குச் சரிப்பட்டு வருமா?

அப்பா ரிடையர் ஆனதும் அவரையும் அம்மாவையும் கும்பகோணத்திலிருந்து சென்னைப் பக்கம் கூட்டிவந்துவிடலாம் என்று முடிவானது. மேடவாக்கம், முடிச்சூர், ஊரப்பாக்கம் என்று அலைந்து பார்த்துவிட்டுக் கடைசியில் குரோம்பேட்டையில் வாடகைக்கு எடுத்தோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியாகிவிட்டது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

வாடகை எவ்வளவு, நம் ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று பார்க்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு சாதாரண நாளில் அம்மா தனியாகக் காய் வாங்கி, மருந்து வாங்கி, கோயிலுக்கும் போய்விட்டு வீடு திரும்ப முடியுமா? ஊரப்பாக்கத்தில் அதே வாடகைக்குப் பெரிய வீடு, நல்ல காற்றோட்டம், ஆனால் நாங்கள் பார்த்த தெருவிலிருந்து பால் பாக்கெட் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டும். வண்டி ஓட்டாத பெரியவர்களை அங்கே குடிவைத்தால், எல்லாவற்றுக்கும் நம்மை எதிர்பார்த்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

முடிச்சூர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் "இப்ப கால்வாயெல்லாம் போட்டாச்சு தம்பி" என்றார், ஆனால் காம்பவுண்டு சுவரில் புதுப் பெயின்ட்டையும் மீறி இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. முட்டிவலிக்காரரை நடுராத்திரியில் மாடி ஏற்றும் நிலைமையை நினைத்துப் பார்த்து, அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

குரோம்பேட்டையில் காய்கறி, மருந்துக் கடை, வங்கி, டிபன் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கிறது. ஊர் நடுவே போகும் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையிலேயே அரசு மருத்துவமனை, ரேலா போன்ற பெரிய தனியார் மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மாம்பலம், எழும்பூர் போக மின்சார ரயில். கும்பகோணம் போக வேண்டுமென்றால் உழவன், சோழன் எக்ஸ்பிரஸ் இரண்டுமே பக்கத்துத் தாம்பரத்தில் நிற்கும், எழும்பூர் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பஸ் என்றால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் கிடையாது என்பதால் அம்மா யாரையும் கேட்காமல் கிளம்பிவிடுகிறார். அப்பாவுக்குச் சாயங்காலம் குமரன் குன்றம் முருகன் கோயில், வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தை. அங்கே செடி, பழைய சாமான் என்று எதையாவது வாங்காமல் திரும்புவதில்லை.

அந்த ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது ரோடும் ரயில் பாதையும்தான். ஊரை இரண்டும் சேர்ந்து நடுவே பிளக்கின்றன. கோயில், டாக்டர், கடை எல்லாம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று அமைந்துவிட்டால், தினமும் நடைமேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். அம்மா பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான், அவர் அதிகம் போகும் பக்கமாகவே வீடு தேட ஆரம்பித்தோம். வாடகை கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை. ஜிஎஸ்டி சாலையைக் குறுக்கே கடப்பது இளவட்டங்களுக்கே சிரமம், பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். விமானச் சத்தம் உண்டு, அதற்கு இருவரும் பழகிவிட்டார்கள். கோடையில் சில தெருக்களில் லாரித் தண்ணீர்தான். எங்கள் தெரு தப்பித்தது, பக்கத்துத் தெரு தப்பிக்கவில்லை.

கார் நிறுத்த இடம், அமைதியான அகலமான தெரு வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது. மற்றவர்கள் தாராளமாக வரலாம். முடிந்தால் தரைத்தளமாக எடுங்கள், ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். மழைக்கு எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும், மே மாதம் யார் வீட்டுக்கு லாரி வரும் என்று புரோக்கர் சொல்லாததையெல்லாம் அவர் சொல்லிவிடுவார்.