லாங்கோலனா, கனால் து மிடியா: அம்மாவோடு கால்வாயில் போகிறவர்களுக்கு

ஒரு பிள்ளை லண்டனிலும் இன்னொன்று பாரிஸிலும் இருக்கிற குடும்பங்கள் திருகோணமலையில் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். பிள்ளைகளைப் பார்க்கப் போனால், ஒரு கிழமைக்குப் படகு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, நாமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொல்வார்கள். பேச்சு கடைசியில் இரண்டு கால்வாயில் வந்து நிற்கும்: வேல்ஸ் பக்கத்து லாங்கோலன், தெற்குப் பிரான்ஸின் கனால் து மிடி. நாங்கள் எடுத்தது லாங்கோலன். மிடியில் தம்பி குடும்பத்தோடு கொஞ்ச நாள்தான் இருந்தேன், அதுவும் கோடையில் மட்டும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

விசா இரண்டுக்கும் தனித்தனி. வாடகைப் படகு ஓட்ட இரண்டு இடத்திலும் லைசன்ஸ் கேட்பதில்லை. வெயிலும் சாப்பாடும் என்றால் பிரான்ஸ்தான், அதில் பேச ஒன்றுமில்லை. பழமை என்றாலும் மிடிதான் மூத்தது: ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கிய வேலை 1681இல் முடிந்தது, நீளம் 240 கி.மீ.

முடிவைத் தீர்மானிப்பது லொக். கால்வாயின் நீர்மட்டம் மாறுகிற இடத்தில், இரண்டு முனையிலும் கதவு வைத்த தொட்டி அது. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, மதகைத் திறந்து தண்ணீரை விட்டால் படகு மேலே ஏறும்.

மிடியில் லொக்கை இயக்க ஆள் இருக்கிறார், அல்லது பொத்தானை அமர்த்தினால் தானே இயங்கும். அதனால் அதுதான் சுகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக ரிக்கே அந்தச் சுவர்களை முட்டை வடிவில் வளைத்துக் கட்டினார். வளைந்த சுவரில் படகு ஒட்டி நிற்காது. மேலே ஏறும்போது முன்பக்கமிருந்து தண்ணீர் பாய்ந்து வந்து படகைத் தள்ளும். பக்கத்தில் வேறு படகுகளும் நிற்கும். முன்னுக்கு ஒரு கயிறு, பின்னுக்கு ஒரு கயிறு; ஒருவர் கரையில் ஏறி அவற்றைக் கட்டையில் சுற்றித் தர, படகு உயர உயர இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டுபவரைத் தவிர திடமான இரண்டு பேர் வேண்டும். தம்பி மனைவியின் உள்ளங்கை கயிறு உரசிச் சிவந்து போனது. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு லொக் மூடியிருக்கும். அந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

லாங்கோலனில் வேலையை நாமே செய்ய வேண்டும். வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று தருவார்கள். அதைப் போட்டுச் சுற்றினால் மதகு திறக்கும். கதவின் நீண்ட மரக்கட்டையை முதுகால் தள்ள வேண்டும். ஆனால் லொக்கின் அகலம் ஏறக்குறைய 7 அடி, படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். படகு அசைய இடமே இல்லை. அதனால் கயிறு பிடிக்கிற சண்டை இல்லை. தண்ணீரை மெதுவாக விடுவதும் நம் கையில்தான். கரையில் ஒருவர், சுக்கானில் ஒருவர், போதும். அம்மா உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கீழே இறங்கும்போது மேல்கதவின் அடியில் ஒரு திண்டு இருக்கும். அது எதுவரை என்று கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி, கீழ்க்கதவுப் பக்கமாக நிற்க வேண்டும். திண்டில் மாட்டினால் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தண்ணீருக்குள் போய்விடும்.

இன்னொன்று, முழு லாங்கோலன் கால்வாயில் 21 லொக் இருந்தாலும், விட்சர்ச்சில் படகு எடுத்து லாங்கோலன் ஊருக்குப் போனால் வழியில் நியூ மார்ட்டனில் இரண்டே இரண்டுதான். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சுக்கானும் நமக்குப் பழகியதுதான். கொட்டியாரக் குடாவில் அவுட்போர்ட் மோட்டார் பிடித்தவர்களுக்குக் கை தானாக வரும்: வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். மிடிப் படகில் கார் போல ஸ்டியரிங். ஆனால் லாங்கோலன் படகு 70 அடி வரை நீளம். பின்னால் நின்று ஓட்டுபவர் முன்னால் இருப்பவரோடு பேச முடியாது. மிடிப் படகு அகலம், எல்லோரும் ஒன்றாக இருக்கலாம். அது உண்மையிலேயே நல்ல வசதி.

லாங்கோலன் ஊருக்குப் போகும் வழியில், 1805இல் கட்டி முடித்த பொன்ட்கிசில்தே பாலத்தின் மேல், 38 மீட்டர் உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் படகு போகும். நடைபாதைப் பக்கம் கம்பி வேலி; மறுபக்கம் ஒன்றும் இல்லை. “மகன், இஞ்ச பிடிக்க ஒண்டுமில்லையே” என்றார் அம்மா. உயரத்துக்குப் பயந்தவர்களை அந்த நேரம் உள்ளே இருக்கச் சொல்லுங்கள். அதைத் தாண்டி லாங்கோலன் வரை சில இடங்களில் ஒரு படகு போகவே இடம்; ஒருவர் முன்னால் நடந்துபோய் எதிரே படகு வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கால்வாய்க்குள் விடுகிற டீ (Dee) ஆற்றுத் தண்ணீர் எதிர்த்து வருவதால் போகும்போது வேகமும் குறையும்.

பாரிஸ் பிள்ளைதான் படகு எடுத்துத் தருகிறார், மிடிக்குத்தான் போக வேண்டும் என்றால், அர்ஜானுக்கும் பெசியேக்கும் இடையில் எடுங்கள். அங்கே ஏறக்குறைய 54 கி.மீ. தூரம் ஒரு லொக்கும் இல்லை. பெசியே வாசலில் இருக்கும் ஃபொன்செரான் படிக்கட்டு லொக்குக்கு முன்னாலேயே படகைத் திருப்பிக்கொள்ளலாம்.