ஷின் வலிக்கு காஃப் ஸ்லீவ்: வாங்கலாமா, எப்போது, எந்த அளவு?

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்திலும் சொத்தவிளை, சங்குத்துறைக் கடற்கரையிலும் விடிவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். மாதக்கணக்கில் சும்மா இருந்த கால், ஒரே வாரத்தில் தினசரி ஓட்டத்துக்கு இழுக்கப்படுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உள்பக்க எலும்போரத்தில் வலி பிடித்துக்கொள்ளும். மெடிக்கலில் போய் ‘ஷின் வலிக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது கறுப்பு நிறக் குழாய்த்துணி ஒன்று. அதுதான் காஃப் ஸ்லீவ், கெண்டைக்கால் உறை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல ஸ்லீவ் உபயோகமான பொருள்தான், ஆனால் அது மருந்து அல்ல. ஷூ தேய்ந்திருந்தால் காசை முதலில் ஷூவுக்குக் கொடுங்கள்.

ஸ்லீவ் செய்வது இதுதான்: கணுக்கால் பக்கம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்கி, ஓடும்போது கெண்டைச் சதை குலுங்குவதைக் குறைக்கிறது. காலுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தமாதிரி இருக்கும். வலியோ எலும்பில் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் எலும்பு லேசாக வளைகிறது, கெண்டைச் சதையும் எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை இழுக்கிறது. அந்தச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த சுமை ஏறினால் வலி. ஸ்லீவ் இந்தச் சுமையைக் குறைப்பதில்லை. போட்டதும் சுகமாக இருக்கிறதே என்று மறுநாளே பழைய தூரம் ஓடுகிறவர்களுக்குத்தான் இது கெடுதல். ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுவதும் இதே கதைதான்.

வாங்குவதற்கு முன் கட்டைவிரலால் ஒரு சோதனை. உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, உள்பக்க எலும்பின் ஓரத்தைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது ஷின் ஸ்ப்ளிண்ட், அதாவது சுமை கூடி எலும்போரம் நொந்துபோகும் வலி, ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் உயிர் போகிறமாதிரி வலித்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடம் குத்தினாலோ, ராத்திரி படுத்த பிறகும் வலித்தாலோ ஸ்லீவ் வாங்க வேண்டாம். எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமல் போவது சகஜம். ‘எக்ஸ்ரே கிளியர்’ என்பதற்காக ஓடக் கிளம்ப வேண்டாம். வலி அப்படியே இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோன பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எலும்புக் கீறலுக்கான வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதல்.

இன்னும் இரண்டு பேர் ஸ்லீவைத் தொடக்கூடாது. ஓட ஓடக் காலின் சதை கல்லாக இறுகி, பாதம் மரத்து, நின்றதும் சரியாகிவிடுகிறவர்களுக்குப் பிரச்சினை சதைக்குள் ஏறும் அழுத்தம். வெளியிலிருந்து மேலும் இறுக்கினால் மோசமாகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்திருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அளவு விஷயத்தில்தான் கடையில் அதிகம் ஏமாற நேரிடுகிறது. ஆளைப் பார்த்து ‘உங்களுக்கு எல் போதும்’ என்பார்கள். ஆளின் உயரத்துக்கும் ஸ்லீவுக்கும் சம்பந்தம் இல்லை. காலை நேரத்தில், வீக்கம் ஏறுவதற்கு முன், கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப் சுற்றிச் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். அட்டையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அட்டையில் அழுத்தம் எம்.எம்.எச்.ஜி. (mmHg) கணக்கில் போட்டிருக்க வேண்டும். ஓட்டத்துக்கு 15-20 போதும். 20-30 என்பது வெரிகோஸ் நோயாளிகளுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ரகம். எண்ணே போடாத ஸ்லீவ் வெறும் கால்சட்டைத் துணி. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி, பிராண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். எண்ணும் அளவும் சரியாக இருந்தால் விலை குறைந்ததே போதும்.

துணி விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு நியோப்ரீன் வேண்டவே வேண்டாம். ரப்பர் மாதிரி தடித்த ரகம், காற்று போகாது. நம்மூர்ப் புழுக்கத்தில் அரை மணி ஓட்டத்திலேயே உள்ளே வேர்வை தேங்கி, வேர்க்குரு வந்துவிடும். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்து பின்னிய மெல்லிய ரகத்தைக் கேளுங்கள்.

போடும்போது பாதியை வெளிப்புறமாக மடித்து, கணுக்கால் மொட்டுக்கு மேலே நிறுத்தி, மெல்ல மேலே உருட்டுங்கள். முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழேயே முடிந்துவிட வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு மடிந்தால் அந்த ஓர் இடம் கயிறு கட்டினமாதிரி இறுகும். பாதம் மரத்தால், விரல் நீலம் பாரித்தால் உடனே கழற்றுங்கள். ஓட்டத்தின்போதும் பிறகு ஒன்றிரண்டு மணி நேரமும் போதும். தூங்கும்போது வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறும்போதும் வேண்டாம். பாதம் இல்லாத உறை என்பதால் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கீழே பாதம் வீங்கிக்கொள்ளும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

துவைக்கிற கல்லில் அடித்தால் எலாஸ்டிக் செத்துவிடும். கடற்கரையில் ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். ஓடும்போது கீழே நழுவத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது.

கூடவே விற்கிறவை: கிரேப் பேண்டேஜ் ஓட்டத்துக்கு உதவாது, பத்து நிமிடத்தில் தளர்ந்து சுருளும். சிலிகான் ஹீல் கப் குதிகால் வலிக்காரர்களுக்கு. தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு மட்டும், உள்வளைவைத் தாங்கும் இன்சோல் கொஞ்சம் உதவலாம். ஐஸ் ஜெல் பேக் பரவாயில்லை: துணி சுற்றி 15 நிமிடம், வெறும் தோலில் வைக்காமல். வைத்தியசாலையில் ஆசானிடம் தைலம் போட்டுத் தடவுகிறவர்கள் கெண்டைச் சதையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். எலும்போரத்தை விரலால் அழுத்தி உழிவது நொந்த இடத்தை மேலும் நோகடிக்கும். கீறல் இருந்தால் ஆபத்து.

ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் உள்பக்கம் சாய்ந்திருந்தாலோ, 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியிருந்தாலோ மாற்ற வேண்டிய நேரம். காய்ந்து இறுகிய மைதானத்தில் நீள ஸ்டட் பூட்ஸ் போட்டுப் பந்தாடுகிறவர்களுக்கும் இதே வலி வரும். குட்டை ஸ்டட் உள்ள டர்ஃப் ஷூ மேல்.

ஆற வைப்பது ஓய்வும் படிப்படியான சுமையும்தான். வலி தணியும்வரை, பலருக்கு இரண்டு முதல் ஆறு வாரம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிள் மிதியுங்கள்; சுசீந்திரம், தேரூர் பக்கச் சமதளச் சாலை வசதி. வலிக்காத அளவில் குதிகால் உயர்த்தும் பயிற்சி: முழங்காலை நேராக வைத்து 15 முறை, லேசாக மடித்து 15 முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மடித்துச் செய்வதை விட்டுவிடாதீர்கள். எலும்போரத்தை இழுக்கும் உள்சதைக்கு அதுதான் வேலை கொடுக்கும்.

30 நிமிடம் வேகமாக நடந்தும் வலி இல்லை என்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலை எலும்போரம் நொந்தால் முந்தின அளவுக்கு இறங்குங்கள். அடியைக் குட்டையாக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளைக் கொஞ்சம் கூட்டினால் எலும்பில் இறங்கும் அடி குறையும். இந்தக் கட்டத்தில்தான் ஸ்லீவ் போடுவதில் அர்த்தம் உண்டு. கடற்கரை இப்போதைக்கு வேண்டாம்: காய்ந்த மணலில் கெண்டைச் சதை கூடுதலாக உழைக்கும், ஈர மணலோ கடல் பக்கம் சரிந்து ஒரு காலையே தொடர்ந்து வளைக்கும். ஸ்டேடியத்திலும் ஒரே திசையில் சுற்றாமல் பாதியில் மாறி ஓடுங்கள்.

கடையில் பணம் கொடுப்பதற்கு முன், அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். பாக்கெட்டைப் பிரித்துக் காலில் போட்டதைப் பெரும்பாலான மெடிக்கல்களில் திரும்ப எடுக்கமாட்டார்கள்.