ஒகேனக்கல்லில் மீன் வாங்கிக் கொடுத்துச் சமைத்துச் சாப்பிடுவது எப்படி இருக்கும்? போகிறவர்களுக்கு என் விமர்சனம்

தர்மபுரி பக்கம் மீன் சாப்பிட நல்ல இடம் எது என்று யார் கேட்டாலும் நான் ஹோட்டல் பெயர் எதையும் சொல்வதில்லை. ஒகேனக்கல்லுக்குப் போங்கள், மீனை நீங்களே பார்த்து வாங்குங்கள், அங்கே அடுப்பு வைத்துச் சமைத்துத் தருகிற அக்காக்களில் ஒருவரிடம் கொடுங்கள், குளித்துவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். அருவியைப் பற்றியும் பரிசலைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தச் சமையலைப் பற்றி மட்டும் "மீன் நல்லா இருக்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு மனசு ஒப்பவில்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சமைக்கிற அக்காக்களுக்குக் கூலி தனி, மீன் விலை தனி, மளிகைச் சாமான் தனி. மீனைக் கிலோ கணக்கில் வாங்கிக் கொடுத்தால் சுத்தம் செய்து, வெட்டி, குழம்பு வைத்து, வறுத்து, சோறும் வடித்துத் தருவார்கள். சாமான் நீங்கள் கொண்டுபோனாலும் சரி, இல்லை அவர்களே ஒரு சீட்டு சொல்வார்கள், அங்கேயே கடையில் வாங்கிக் கொடுக்கலாம். கூலி எவ்வளவு என்று இங்கே எழுதினால் அடுத்த சீசனில் மாறிவிடும். ஆனால் மீனைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், குழம்பு, வறுவல், சோறு, ரசம் எல்லாம் சேர்த்துத்தானா, எண்ணெய் யாருடையது என்பது வரைக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு பேசினால் இரண்டு பக்கமும் வருத்தம்தான். இவர்களைப் பிடித்துக்கொண்டு வருகிற புரோக்கர் மாதிரி ஆட்கள் சில நாள் நிற்பார்கள். நேராகச் சமைக்கிறவரிடமே பேசுங்கள், காசு முழுசாக அவர் கைக்குப் போகும்.

இப்போது மீன். பாதி ருசி இதில்தான் தீர்மானமாகிறது, அதனால் இங்கே அவசரப்படாதீர்கள். கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, வாளை, அரஞ்சான் என்று கலந்து கிடக்கும். ஒகேனக்கல்லில் விற்பதெல்லாம் அருவிக்குக் கீழே பிடித்தது என்று நினைக்க வேண்டாம், மேட்டூர் அணைத் தண்ணீரில் பிடித்ததும் வருகிறது, அதில் தப்பொன்றும் இல்லை, காவிரி மீன்தான். பார்க்க வேண்டியது வேறு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கண் உப்பலாகத் தெளிவாக இருக்க வேண்டும், குழி விழுந்து பால் பூத்த மாதிரி இருந்தால் பழைய மீன். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். ஒரு கடையில் எனக்கு இன்று காலை பிடித்தது என்று சொல்லித் தூக்கிக் காட்டிய கட்லாவின் வயிறு ஐஸில் கிடந்து கிடந்து மெத்தென்று ஆகியிருந்தது, அழுத்திய விரல் தடம் அப்படியே நின்றது. வேண்டாம் என்று பக்கத்துக் கடைக்குப் போய்விட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

எந்த மீனை எதற்கு என்பதும் முக்கியம். குழம்புக்குக் கெளுத்திதான் என் தேர்வு. செதில் கிடையாது, சதை குழம்பை நன்றாக இழுக்கும், முதுகிலும் பக்கத்திலும் இருக்கிற முள் மட்டும் குத்தினால் கடுக்கும் என்பதால் அதைச் சுத்தம் செய்வதைத் தெரிந்த கையிடம் விட்டுவிட வேண்டும். வாளையும் செதில் இல்லாத மீன்தான், கொழுப்பு அதிகம், துண்டு பெரிதாகப் போட்டால் குழம்பிலேயே எண்ணெய் மிதக்கும். கட்லா வாங்கினால் தலையைத் தூக்கிப் போட விடாதீர்கள், தலைக் குழம்புக்காகவே கட்லா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரோகுவில் கிளை கிளையாகச் சன்ன முள் இருக்கும், வறுப்பதற்கு முன் நெருக்கமாகக் கீறிவிடச் சொன்னால் எண்ணெயில் அந்த முள் மொறுமொறுவென்று ஆகி உறுத்தாது. குழந்தைகள் வந்தால் ஜிலேபி. சதைக்குள்ளே சன்ன முள் கிடையாது, நடு முள்ளை எடுத்துவிட்டால் பயமில்லாமல் கொடுக்கலாம். நாலு பேருக்கு இரண்டு கிலோ சரியாக இருக்கும், ஒரு கிலோ மீனைக் கழுவி வெட்டினால் முக்கால் கிலோ கூடத் தேறாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் ஏரியில் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பிடித்த மீனையும் இங்கே கொண்டுவந்து கொடுக்கலாம், சமைத்துத் தருவார்கள். ஆனால் பிடித்த இடத்திலேயே குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, உள்ளே கழுவி, ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். மீன் முதலில் கெடுவது அங்கேதான், வெயிலில் வண்டி டிக்கியில் முழு மீனாக வந்தால் எந்த அக்காவாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஏரி மீனில் மண் வாடை வரும் என்று சொல்வார்களே, அது பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்கிற பொருளால் வருவது. புளிப்பு பட்டால் அது சிதைந்துவிடும். மஞ்சள், கல்லுப்போடு எலுமிச்சையோ மோரோ ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவுகிறார்களே, அந்தப் பழக்கம் சரியான பழக்கம்.

இனி பையில் என்ன எடுத்துப் போவது. எல்லாமே அங்கே கிடைக்கும்தான், இருந்தாலும் சிலதை நான் வீட்டிலிருந்தே எடுத்துப் போவேன், ருசி மாறுவது கண்கூடாகத் தெரிகிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஒரு லிட்டர், இது முதல். வறுவலுக்கு இதைவிட்டால் வேறு இல்லை. அப்புறம் புளி. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி புளிக்கு மார்க்கெட்டில் பேரே இருக்கிறது, வீட்டில் இருக்கிற பழம்புளியில் ஒரு பெரிய எலுமிச்சை அளவு உருண்டை. போகிற வழியில் பாலக்கோடு தக்காளி, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் தனித்தனிப் பொட்டலமாக, கலந்து எடுத்துப் போகாதீர்கள், வறுவலுக்கு வேறு அளவு, குழம்புக்கு வேறு அளவு. கோடையில் போனால் கிருஷ்ணகிரி பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய் ஒன்று, கொஞ்சம் புளியைக் குறைத்துக்கொண்டு இதைக் கீற்றாக நறுக்கிக் குழம்பில் போடச் சொல்லுங்கள். கேழ்வரகு மாவு ஒரு கிலோ. ஆமாம், மாவு. முன்கூட்டியே கேட்டால் களி கிண்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆற்று மீன் குழம்புக்குச் சோற்றைவிடச் சூடான களிதான் சரியான ஜோடி, இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். வாழை இலை, எவர்சில்வர் டம்ளர், குடிதண்ணீர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப்பெல்லாம் தடை, அது ஒருபக்கம் இருக்கட்டும், ஆற்றில் போய்ச் சேருவதை நாம் எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? மூடி இறுக்கமான பாத்திரங்களாக எடுத்துப் போங்கள், குரங்கு அதிகம், பையை ஜிப் போட்டிருந்தாலும் திறந்துவிடும்.

நாங்களே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்கிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சுற்றிலும் காப்புக்காடு, காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். பாறை மறைவில் மூட்டிவிட்டுப் போன கரிக்கட்டைகளையும் உடைந்த பாட்டில்களையும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுகிற பாறை அது.

சரி, சமையலுக்கு வருவோம். வழக்கமாக நாங்கள் போகிற அக்கா மீனை வாங்கியதும் முதலில் மசாலா தடவ மாட்டார். கல்லுப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கழுவுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை விட மாட்டார். அதற்கப்புறம்தான் மிளகாய்த்தூள், மஞ்சள், இடித்த இஞ்சி பூண்டு, எலுமிச்சை. தண்ணீர் ஒரு சொட்டு சேர்ப்பதில்லை. அதைத் தட்டில் பரப்பி மூடி ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க போய் எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வாங்க தம்பி, ஒண்ணரை மணி நேரம் ஆவும்" என்று அனுப்பிவிடுவார். ஒருமுறை நான் போகாமல் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன், அதை எழுதியே ஆக வேண்டும்.

குழம்புக்குச் சின்ன வெங்காயத்தை நறுக்கவே இல்லை, கல்லில் வைத்துத் தட்டிப் போட்டார். புளிக்கரைசல் நன்றாகக் கொதித்து, பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை மீன் பக்கமே திரும்பவில்லை. பிறகு தலை, நடுத்துண்டு, கடைசியில் வால் என்ற வரிசையில் இறக்கினார். இறக்கிய பிறகு கரண்டி போடுவதில்லை. துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்று சுற்றி ஆட்டிவிடுகிறார், அவ்வளவுதான், ஒரு துண்டு கூட உடையவில்லை. வறுவல் இன்னும் பொறுமை. அகலமான இரும்புக்கல், எண்ணெயில் ஒரு கறிவேப்பிலை போட்டுச் சடசடவென்று பொரிந்ததும்தான் மீன். போட்ட துண்டைத் தொடவே மாட்டார். ஓரம் சிவந்து, துண்டு தானாகக் கல்லை விட்டு நகரும்போதுதான் திருப்புகிறார். பக்கத்தில் காத்திருக்கிற கூட்டம் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் தீயை ஏற்றவில்லை. கடைசியில் கல்லில் உதிர்ந்து கருகாமல் நிற்கிற மசாலாவை எல்லாம் சுரண்டி எடுத்து, கொஞ்சம் வெறும் சோற்றில் பிசைந்து ஆளுக்கொரு உருண்டை கையில் கொடுத்தார். அந்த உருண்டைக்காகவே இன்னொருமுறை போவேன். தூள் மாவு எதையும் மேலே பூசாமல், கலர் பவுடர் போடாமல், மீன் மீனாகவே ருசித்தது. ஹோட்டல்களில் செக்கச்செவேல் என்று வருகிற வறுவலைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு முதலில் நிறம் குறைவாகத் தெரியும், ஒரு வாய் வைத்தால் புரியும்.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். விறகுப் புகை கண்ணைக் கரிக்கும், எல்லா இடத்திலும் உட்கார நிழல் கிடைக்காது, வயதானவர்களைக் கூட்டிப் போனால் ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். எல்லாரும் ஒரே மாதிரி சமைக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. கூட்ட நாளில் ஒரே எண்ணெயில் அடுத்தடுத்த ஆட்களுடைய மீனைப் பொரிக்கிற இடத்தையும் பார்த்திருக்கிறேன், எண்ணெய் கறுத்திருந்தால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள், அல்லது உங்கள் எண்ணெயை உங்கள் மீனுக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். காரம் தூக்கலாக இருக்கும், குழந்தைகளுக்கு என்று சொன்னால் தனியாக நாலு துண்டு மிளகுத்தூள் மட்டும் போட்டுத் தருவார்கள்.

கிருஷ்ணகிரிக்காரர்கள் உடனே கே.ஆர்.பி. அணையைச் சொல்வீர்கள். தென்பெண்ணைக் கரையில் அணைக்குப் பக்கத்துக் கடைகளில் சுடச்சுடப் பொரித்துத் தருகிற மீன் எனக்கும் பிடிக்கும், அரை மணி நேரத்தில் சாப்பிட்டுக் கிளம்ப அதுதான் வசதி. ஆனால் அது மசாலா தடவித் தயாராக வைத்திருக்கிற மீன். நாம் தேர்ந்தெடுத்த மீனை நம் சாமானில் நமக்காகக் குழம்பு வைத்துத் தருவது ஒகேனக்கல்லில்தான்.

பேரம் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன் விலையில் பேசுங்கள், சமையல் கூலியில் ரொம்பப் பிடிக்காதீர்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறிவிட்டால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள், அது நாள்கணக்கில் நீளும். பரிசல்காரர், மசாஜ் செய்கிறவர், சமைக்கிற அக்கா, மூன்று பேருக்கும் அன்றோடு வருமானம் நின்றுவிடும். கொரோனா சமயத்தில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. புகையில் குனிந்து நின்று இரண்டு மணி நேரம் சமைத்த கைக்கு ஐம்பது ரூபாய் குறைத்து நாம் என்ன சேர்த்துவிடப் போகிறோம்?

கிளம்புவதற்கு முன் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு வருகிற நாளில் புது மீன் வரத்தும் குறைவு, போய் ஏமாற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் ஆடிப்பெருக்கும் இந்தச் சமையலுக்கு ஏற்ற நாள் இல்லை, அடுப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும், அக்காக்களுக்கும் நின்று பொரிக்க நேரம் இருக்காது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் காலை ஒன்பது மணிக்குள் பென்னாகரம் தாண்டிவிடுங்கள். பத்து மணிக்கு மீன் வாங்கி அடுப்பில் ஒப்படைத்துவிட்டு, பரிசல், எண்ணெய்க் குளியல் எல்லாம் முடித்து வந்தால் பன்னிரண்டரைக்கு இலை போட்டுவிடலாம்.