ஷீல்ட்ஸ்அப்: பச்சைக் கட்டங்களை எவ்வளவு நம்பலாம்?

வீட்டு ரவுட்டரின் எந்தெந்தப் போர்ட்டுகள், அதாவது இணையத் தொடர்புகளுக்கான எண்ணிட்ட கதவுகள், வெளியே திறந்து கிடக்கின்றன என்று பார்க்க, ஸ்டீவ் கிப்ஸன் நடத்திவரும் ஷீல்ட்ஸ்அப் என்ற இலவசச் சேவையைப் பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தேன். எதையும் நிறுவ வேண்டியதில்லை. பக்கத்தின் தோற்றம் மிகப் பழையது. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

0 முதல் 1055 வரை 1056 போர்ட்டுகளை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு கட்டமாகக் காட்டுகிறது. சிவப்பு என்றால் திறந்திருக்கிறது. நீலம் என்றால் மூடியிருப்பதாகப் பதில் வருகிறது. பச்சை என்றால் பதிலே இல்லை. 'இருக்கிறாயா' என்று கேட்கும் பிங் செய்திக்கு ரவுட்டர் பதிலளித்தாலே 'தோல்வி' என்று அறிவிப்பது மட்டும் சற்று மிகை. மூடிய கதவு, பேசினாலும் மூடிய கதவுதான்.

முதல் சோதனையில் அத்தனையும் பச்சை. மகிழ்ச்சி ஒருநாள்கூட நீடிக்கவில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதன் வெளி முகவரி 100.72 என்று தொடங்கியது. ஷீல்ட்ஸ்அப் காட்டியதோ வேறு முகவரி. 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் இணைய நிறுவனங்களுக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஆகவே அந்தப் பச்சை எங்கள் ரவுட்டருக்கு உரியதன்று, நிறுவனத்தின் கருவிக்கு உரியது. இந்த வேறுபாட்டை வெளியிலிருந்து தட்டும் சேவையால் அறியவும் இயலாது. இணையத் தொடர்பை அலுவலகம் வழியாகச் செலுத்தும் வி.பி.என். இணைப்பில் இருந்தபடி சோதிப்பவர்களுக்கும் இதே கதிதான். கூடவே அலுவலகத்துக்குப் பதில் சொல்லவும் நேரும்.

கூடுதல் கட்டணம் செலுத்தித் தனிப் பொது முகவரி வாங்கி மறுபடி சோதித்தபோது வலைப்பக்கங்களுக்கான 80ஆம் போர்ட் சிவந்தது. தொலைநிர்வாக வசதி திறந்திருந்தது, அணைத்தேன். 1056க்குள் அடங்காத 7547ஐ எண் குறித்துச் சோதிக்கச் செய்தால், அதுவும் சிவப்பு. ஜெர்மனியில் 2016 நவம்பரில் ஏறத்தாழ 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு முடங்கியபோது தாக்குதல் வந்தது இந்த எண் வழியாகத்தான். பழுது பார்க்க வந்த ஓசூர்க்காரத் தம்பி, "அது எங்க ஆபீஸ்லருந்து ரவுட்டரைப் பாக்குறதுக்கு சார், அதுல நாங்க கை வைக்க முடியாது" என்றார். நிறுவனத்தின் சர்வருக்கு மட்டும் திறக்க வேண்டிய கதவை ஊருக்கே திறந்து வைத்திருந்தார்கள். அவர்கள் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிட மட்டும் செய்யும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சொந்த ரவுட்டரை அதன்பின் வைத்த பிறகே 7547 பச்சையானது.

புதிய வகை இணைய முகவரிகளான ஐ.பி.வி.6 முகவரிகளை இச்சேவை சோதிப்பதில்லை. அதற்கு, நண்பர் ஒருவரைத் தம் வீட்டிலிருந்து என்மேப் என்ற போர்ட் சோதனை மென்பொருள் கொண்டு எங்கள் முகவரியைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.