சார்லியை நாவலில் சந்திப்பதா, படத்திலா?

நாவலையே முதலில் படியுங்கள், படம் அப்புறம். ஸ்டீபன் ஷபாஸ்கி 1999-இல் எழுதிய 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்' முழுக்கக் கடிதங்கள்தான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பக்கத்துப் பையன் சார்லி யாரோ ஒருவருக்கு எழுதிக்கொண்டே போகிறான், கூட்டத்தில் வாய் திறக்காதவன் மனதுக்குள் எவ்வளவு பேசுகிறான் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். படம் அவ்வளவு உள்ளே போகவில்லை. அக்காவின் கருக்கலைப்புக்கு அவன் துணைக்குப் போகும் பகுதியும் அதில் இல்லை, எனக்கு அது பெரிய இழப்பு.

ஆனால் 2012 படத்தை ஷபாஸ்கியே இயக்கியதால் கதையின் உயிர் அப்படியே இருக்கிறது. பள்ளியில் மூத்தவர்களான சாமும் பேட்ரிக்கும் சார்லியைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளும் இடங்கள், சத்தியமாக, புத்தகத்தைவிடக் கலகலப்பு. மூவரும் வண்டியில் சுரங்கப்பாதை வழியே போகும் காட்சியைத் திரையில்தான் பார்க்க வேண்டும். வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள், சிறுவயதுப் பாலியல் கொடுமையும் தற்கொலையும் இரண்டிலுமே வருகின்றன.